எந்தக் கோல் பக்கம் நிற்பது

ஜனவரி 9

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்கு முன்பல் முளைத்ததா, இல்லை இன்னும் கிழவி மாதிரிதான் சிரிக்கிறாளா?

முனைக் கடைப் போனில் பேசலாம்தான். ஆனால் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற நாலு பேரும் "அப்புறம் என்ன சொன்னான்?" என்று கேட்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்ம க்ளப் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஸ்டேடியம் கட்டி எழுபது வருஷமாகிவிட்டதாம். கிழக்குக் கேலரிக் கூரை எந்த நேரமும் விழலாமாம். அதற்கு நேர் கீழேதான் நான் பதினெட்டு வருஷமாக டீமுக்குச் சட்டை துவைக்கிறேன், என்னிடம் யாரும் மூச்சுவிடவில்லை. இரண்டு யோசனை வைத்திருக்கிறார்கள். இருக்கிற இடத்திலேயே இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவது ஒன்று. ஊர் நடுவிலிருந்து கிளப்பிக்கொண்டு போய், இருபது கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலை ஓரமாகக் கட்டுவது இன்னொன்று. அங்கே கார் நிறுத்த ஏகப்பட்ட இடமாம். நம்மிடம் கார்தான் இல்லை.

முடிவு மெம்பர்கள் கையில். நம்ம க்ளப் வழக்கம் மறந்திருக்க மாட்டாய். சீட்டும் கிடையாது, கைதூக்கலும் கிடையாது. புல்லில் இறங்கி நிற்க வேண்டும். இங்கேயே இருக்கட்டும் என்பவர்கள் வடக்குக் கோல் பக்கம், போகட்டும் என்பவர்கள் தெற்குக் கோல் பக்கம். நடுக்கோட்டுக்கு அந்தப்புறம் எத்தனை தலை, இந்தப்புறம் எத்தனை தலை என்று எண்ணுவார்கள். மே மாதம் முதல் ஞாயிறு. மெம்பர் கார்டு வைத்திருப்பவர் நேரில் வந்தால்தான் கணக்கு.

உன் கார்டு உயிரோடு இருக்கிறது. ஒரு சீசனில் மூன்று ஆட்டத்துக்கு மேல் துளை விடுபட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் இல்லையா, அதனால் முதல் பாதியை என் கார்டில் பார்க்கிறேன். இடைவேளையில் வெளியே போய் உன் கார்டோடு உள்ளே வந்து, இரண்டாம் பாதியை உன் நாற்காலியில் பார்க்கிறேன். பதினோரு வருஷமாக இதே கூத்துதான். நாலாம் கேட்டில் துளை போடுகிறவர் போன வாரமும் கேட்டார், "ஏம்மா, உன் தம்பி வரவர குட்டையாயிட்டே போறானே, சரியா சோறு போடுறதில்லையா?"

"கவலையில தேஞ்சிட்டான்ணே, நீங்க குத்துங்க" என்றேன். குத்தினார்.

மே மாதம் வா. "அடுத்த சீசன்" என்று பதினோரு தடவை எழுதிவிட்டாய். அடுத்த சீசனில் மைதானம் எந்த ஊரில் இருக்குமோ, யார் கண்டது.

குளிரில் காதை மூடிக்கொள். வீட்டுக்காரியையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்.

உன் தலையில் குட்டியே உன்னை ஆளாக்கிய
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூவரும் நன்றாக இருக்கிறோம். முன்பல் வந்துவிட்டது, கோணலாக. அப்படியே உன் பல். அத்தானுக்கு இடுப்புவலி தேவலையா?

நோட்டீஸ் விஷயம் படித்த நாளிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து கம்பி வடத்தைப் பார்க்கும்போதும் அதே நினைப்புதான். ஊர் நடுவில் அந்த நாலு விளக்குக் கம்பமும் இல்லாவிட்டால் அது என்ன ஊர்? சின்ன வயதில் வழி தவறினால் விளக்கைப் பார்த்துக்கொண்டே நட, வீடு வந்துவிடும் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். ஆட்ட நாளில் கடைத்தெரு முழுக்க ஒரே பக்கமாக நடந்து வருமே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நெடுஞ்சாலைக்கு யார் நடந்து போவார்கள்?

இடிக்கட்டும், கட்டட்டும், ஆனால் அங்கேயேதான். நீ வடக்குக் கோல் பக்கம் நில் அக்கா. என் பங்குக்கும் சேர்த்து நில்.

லீவு கேட்டிருக்கிறேன். ஒரு மருத்துவமனையில் எட்டு லிஃப்ட் மாற்றுகிறோம். மே மாதத்துக்குள் முடியுமா என்று மேலாளர் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்.

எல்லோருக்கும் அன்பு.

தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். இடுப்புவலியை விசாரித்தாய் என்றதும் உடனே வலி வந்துவிட்டது மனுஷனுக்கு. அது போக, சுகம்தான். அங்கே எல்லோருக்கும் சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

"என் பங்குக்கும் சேர்த்து நில்" என்று எழுதியிருக்கிறாய். நான் கொஞ்சம் அகலம்தான். ஆனாலும் எண்ணுகிறவர்கள் ஒரு தலை என்றுதான் எண்ணுவார்கள்.

துணி துவைக்கும் அறையில் தினமும் இதே சண்டை. "நெடுஞ்சாலைக்குப் போனா எனக்கு ரெண்டு பஸ்ஸு, அங்க இஸ்திரி போடப் போறதுக்குள்ள என் புடவை கசங்கிடும்" என்கிறாள் இஸ்திரிக்காரி. சாக்ஸ் பொறுக்க வந்த கோல்கீப்பர், "அங்க போனா வெந்நீர் ஒழுங்கா வரும்க்கா" என்றான். "உன் கையில பந்தே நிக்க மாட்டேங்குது, வெந்நீர் எங்க நிக்கப்போவுது?" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நம் சந்துக்கு மூன்று பேர் நாடாவோடு வந்தார்கள். பதினாலு வீட்டையும் அளந்து, சுவரில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். நாம் ஒன்பது. "நம்பர் மட்டும் போட்டா எப்படிப்பா, சுவர் முழுக்க அடிச்சுட்டுப் போயேன், பெயிண்டைப் பார்த்துப் பத்து வருஷமாச்சு" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "ஸாரிம்மா" என்றான். எதற்கு ஸாரி என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

உன் அறையைக் கழுவிவிட்டேன். பழைய கட்டிலில் உன் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். ஜன்னலோரம் குட்டிக்குப் படுக்கை. உன் வீட்டுக்காரிக்குத் தலையணை கெட்டியாக வேண்டுமா, மெத்தென்று வேண்டுமா? அதை மட்டும் மறக்காமல் எழுது.

வயிற்றைக் காயப்போடாதே.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறோம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ எந்தப் பக்கம் நிற்கப்போகிறாய் என்று எழுதவே இல்லையே? கோல்கீப்பர் கதை சொன்னாய், இஸ்திரிக்காரி கதை சொன்னாய். உன் கதையைச் சொல்லவில்லை. தெற்குப் பக்கம் நின்றாய் என்று தெரிந்தால் உன்னோடு பேச மாட்டேன், ஆமாம்.

லீவு பற்றி இன்னும் பதில் வரவில்லை. குட்டியின் போட்டோ வைத்திருக்கிறேன். பல்லைப் பார்.

தம்பி


மார்ச் 15

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

போட்டோ வந்தது. பல்லைப் பார்த்தேன். பாவம், என் பல்தான். கட்டிக்கொடுக்கிறபோது கஷ்டம் என்று நினைக்காதே, என்னையும் ஒருத்தர் கட்டிக்கொண்டார். நாங்கள் இருவரும் சௌக்கியம்.

குட்டி போட்டிருக்கிற பச்சைக் கோடு போட்ட சட்டை எதுடா? பள்ளிக்கூடத்துச் சட்டையா? நான் ஏன் கேட்கிறேன் என்றால், பதினெட்டு வருஷமாகத் துவைக்கிறவளுக்குப் பள்ளிக்கூடத் துணி எது, ஆட்டக்காரத் துணி எது என்று போட்டோவிலேயே தெரியும். கையோரத்தில் இரட்டைத் தையல் இருக்கிறது. அவள் வயதில் உனக்கு நம் க்ளப்பின் குங்குமக் கலர் சட்டையை நானே வெட்டித் தைத்தேன், முழங்காலைத் தொட்டது. சரி, போகட்டும். குழந்தைக்குப் பச்சை நன்றாகத்தான் இருக்கிறது.

தலையணை பற்றி நீ எழுதவில்லை. இரண்டு விதமும் தைத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை நாம் மூன்று கோல் போட்டோம். மூன்றும் முதல் பாதியில். அதனால் உன் நாற்காலியில் நான் உட்கார்ந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. உன் ராசி அப்படி.

எந்தப் பக்கம் என்று கேட்டாய். நேரில் வந்து பார்த்துக்கொள்.

எல்லோரும் நன்றாகத் தூங்குங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள்.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பஸ்ஸில் ஹாரன் அடித்துப் பழக்கம். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். உன் அக்கா உன்னிடம் ஒன்றை மறைக்கிறாள். மைதானத்தை இங்கேயே பெரிதாகக் கட்டினால் நம் சந்து முழுக்கப் போகிறது. பதினாலு வீடும் இடிப்பு. சிவப்பு நம்பர் அதற்குத்தான். க்ளப் வேறு வீடு தரும் என்கிறார்கள். எனக்கு எங்கே படுத்தாலும் தூக்கம் வரும்.

அவளுக்கு அப்படி இல்லை. நெடுஞ்சாலைக்குப் போனால் அவள் வேலை கெடும், இவ்வளவு தூரம் தினம் போய்வர முடியாது. இருந்தும் தெற்குப் பக்கம்தான் நிற்பேன் என்கிறாள். "வேலை போனா போகட்டும். வீடு போயிட்டா அவன் எங்க வந்து இறங்குவான்?" என்கிறாள். உன் அறைக்காகத்தான் இவ்வளவும்.

நீ வருகிறாயா, இல்லையா? எதுவானாலும் அவளிடம் நேராகச் சொல்லிவிடு. தினமும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் சோப்புக் கையோடு ஓடுகிறாள். நான் எழுதியதைச் சொல்லாதே, சாப்பாடு கிடைக்காது.

அத்தான்


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான் மே மாதம் வரவில்லை. லீவு கிடைக்காமல் இல்லை. கிடைத்தது. அதே ஞாயிறு குட்டியின் அணிக்குக் கடைசி ஆட்டம். வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பச்சைச் சட்டை பள்ளிக்கூடத்துடையது இல்லை. இந்த ஊர் க்ளப்புடையது. நானும் இங்கே மெம்பர். நாலு வருஷமாக. வேறு க்ளப் கார்டு வைத்திருப்பவனுக்கு நம் க்ளப்பில் இடம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். நீ அங்கே துளை போட்டுக்கொண்டிருக்கிறாய் என்பதும் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

முதலில் சும்மாதான் போனேன், வேலையிடத்து நண்பன் கூப்பிட்டான் என்று. நம்ம ஆட்டத்தைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் கடைசி நிமிடத்தில் இவர்கள் கோல் போட்டார்கள். எழுந்து நின்று கத்தினேன் அக்கா. கத்திய பிறகுதான் யாருக்காகக் கத்தினேன் என்று தெரிந்தது. இப்போதெல்லாம் நம் டீம் ஜெயித்ததா என்று செவ்வாய்க்கிழமைதான் ஞாபகம் வருகிறது.

சந்து விஷயம் தெரிந்துகொண்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. அது தெரியாமல் இங்கே உட்கார்ந்துகொண்டு "வடக்குப் பக்கம் நில்" என்று உனக்கு உத்தரவு போட்டேன். நினைத்தால் கூசுகிறது. உன் வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் தெற்குப் பக்கம் நில். ஆனால் உனக்காக நில். என் அறைக்காக நிற்காதே. நான் வந்தாலும் பத்து நாள் வருவேன், பத்து நாளில் திரும்புவேன். வீடு இங்கேதான் என்று ஆகிவிட்டது.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி


மே 14

அக்கா,

நலமா? அந்த ஞாயிறு போய்ப் பத்து நாளுக்கு மேலாகிறது. என்ன முடிவு என்றுகூடத் தெரியவில்லை. முனைக் கடைக்குப் போன் செய்தேன். "சோப்பு அக்காவா? கூப்பிட ஆள் அனுப்பினேன், கையில ஈரமாம், வரலையாம்" என்றார் கடைக்காரர்.

ஈரம் காய்ந்ததும் இரண்டு வரி எழுது.

தம்பி


மே 22

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

நானும் உன் அத்தானும் சுகம். உன் அத்தான் ரொம்பவே சுகம். யார் உனக்கு எழுதியது என்று நான் கேட்கவில்லை. மூன்று நாள் குழம்பில் உப்புப் போடவில்லை, அவ்வளவுதான். நீங்கள் மூவரும் எப்படி? குட்டி கடைசி ஆட்டத்தில் ஜெயித்தாளா?

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. பேனா காணாமல் போய்விட்டது. அது கிடைத்தபோது காகிதம் காணாமல் போய்விட்டது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் நானே காணாமல் போயிருந்தேன்.

அந்த ஞாயிறு நல்ல வெயில். நாலாயிரம் பேர் புல்லில். புல்லைப் பார்த்துக்கொள்கிறவர், "செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்கப்பா, புண்ணியமாப் போகும்" என்று ஒவ்வொருத்தராகக் கெஞ்சிக்கொண்டு திரிந்தார். நான் நேரே தெற்குக் கோல் பக்கம் போனேன். உன் கடிதத்துக்குப் பிறகும் கால் அங்கேதான் போயிற்று. ஜனவரியிலிருந்து அதைத்தான் நினைத்துவைத்திருந்தேன். சந்துக்காரர்கள் எல்லோரும் அங்கே. பதினோராம் வீட்டுக்காரி எனக்குக் குடையில் இடம் கொடுத்தாள்.

விசில் ஊத இன்னும் கால் மணி நேரம் இருந்தது. சும்மா நின்றால் யோசனை வந்துவிடும் இல்லையா? உன் கடிதம் வந்து இத்தனை நாளாகியும், "அவன் இனி இங்கே வந்து இருக்க மாட்டான்" என்று நான் எனக்குள்ளே ஒரு தடவைகூடச் சொல்லிக்கொண்டதில்லை. அங்கே நின்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மூச்சு வந்தது, கால் நின்றது, வெயில் அடித்தது. சரி என்று, நம் வீட்டிலிருந்து உன் அறையைக் கழித்துப் பார்த்தேன். ஒழுகுகிற சமையலறையும் குறட்டை விடுகிற பஸ் டிரைவரும் மிச்சம். இதற்காக, ஊரே நடந்து வருகிற இடத்தை இருபது கிலோமீட்டர் தள்ளிவைப்பானேன்?

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒரு கோலிலிருந்து இன்னொரு கோலுக்கு இவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியவே தெரியாதுடா. அதை ஓடுகிறவன்களைப் பதினெட்டு வருஷமாகச் சோம்பேறிகள் என்று திட்டியிருக்கிறேன். பின்னாலிருந்து, "ஏய், ஒன்பதாம் வீடு எங்க போகுது?" என்று யாரோ கத்தினார்கள். திரும்பவில்லை. திரும்பினால் நின்றிருப்பேன்.

வடக்கே இஸ்திரிக்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்னடி, பாதி ஆட்டத்துல பக்கம் மாறிட்ட?"

"இடைவேளைக்கப்புறம் பக்கம் மாறணும்டி, ரூல்ஸ் தெரியாம இங்க வேலைக்கு வந்துட்டா" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள். வெயில், வியர்வை.

வடக்கே இரண்டாயிரத்து நூற்று முப்பத்தொன்று, தெற்கே இரண்டாயிரத்து அறுபத்துநாலு. மைதானம் இங்கேயேதான். அறுபத்தேழு தலை வித்தியாசம், ஆகவே நான் குடைக்குள்ளேயே நின்றிருந்தாலும் இதே முடிவுதான். வீடு உன்னால் போயிற்று என்று அங்கே மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காராதே. பதினோராம் வீட்டுக்காரி மட்டும் இன்னும் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயம். தினமும் அவள் வாசலில் நின்று வம்புக்கு ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். நேற்று கதவை மெதுவாகச் சாத்தினாள். முன்னேற்றம்தான்.

உன் கார்டைத் துளைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "தம்பி இனிமே வரமாட்டான்ணே" என்றேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாவம்மா உன் தம்பி, பதினோரு வருஷமா ரெண்டாம் பாதி மட்டுமே பார்த்திருக்கான்" என்றார்.

இப்போது ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் ஏன் ஒரு தடவைகூட உன்னைப் பார்க்கக் கிளம்பவில்லை? ஆட்டம் நடக்கிற மாதங்களில், துளை விடுபட்டு உன் இடம் போய்விடுமே என்று பயம். ஆட்டம் இல்லாத மாதங்களில், நான் கிளம்பிய நேரம் பார்த்து நீ வந்து பூட்டிய கதவு முன்னால் நிற்பாயோ என்று பயம். உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே உன்னைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். இந்தக் கூறுகெட்ட வேலையை நம் குடும்பத்தைத் தவிர யார் செய்வார்கள், சொல்லு.

ஜூன் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். க்ளப் தருகிற வீட்டில் ஜூலை நடுவில்தான் சாவி. நடுவே பதினைந்து நாள் எங்களுக்கு அந்த வீடும் இல்லை, இந்த வீடும் இல்லை. "எங்க போறதும்மா?" என்று உன் அத்தான் கேட்டார். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

அந்தப் பதினைந்து நாளில் குட்டிக்கு ஒரு ஆட்டம் இருக்கும்படி பார்த்துக்கொள். அவள் எந்தப் பக்கம் ஆடினாலும் அந்தப் பக்கம் நிற்கிறேன். நம் ஊர் மாதிரிதான் கத்துவேன், உன் க்ளப்காரர்களிடம் முன்னாலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டு வை.

ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்பாதே, நீயே வா. எனக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது, உடம்பும் போட்டுவிட்டது. போட்டோவில் இருக்கிற அக்காவைத் தேடினால் கிடைக்க மாட்டேன். நீயும் இப்போது எப்படி இருக்கிறாயோ, கூட்டத்தில் எனக்குத் தெரியுமோ தெரியாதோ. ரயில் நின்றதும் இருந்த இடத்திலேயே கையை உயரத் தூக்கிக்கொண்டு நில், இறக்காதே. நான் நடந்து வந்துவிடுகிறேன்.

அதுவரை மூவரும் பத்திரமாக இருங்கள்.

அக்கா